கெதார்: சட்டைக்கையில் சிக்கிய ஒரு ஸ்பானிய வினைச்சொல்

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலைக்கு, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் தைக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஸ்பெயின் பையர் ஒருவரிடமிருந்து ஒரு டி-சர்ட்டின் பிட் சாம்பிளுக்கு (அளவு சரியா என்று பார்க்கத் தைத்து அனுப்பும் மாதிரிக்கு) பதில் வந்திருந்தது. மொத்தம் நாலு வரி. மூன்று வரி ஆங்கிலத்தில் இருந்தது. கடைசி வரியை மட்டும் அவசரத்தில் தங்கள் மொழியிலேயே அடித்துவிட்டார்கள்: ‘லா மங்கா கேதா கோர்த்தா’. மங்கா என்றால் சட்டைக்கை, கோர்த்தா என்றால் குட்டை. இரண்டும் எனக்குத் தெரியும். நடுவில் நிற்கும் ‘கேதா’வுக்கு ஸ்பானிய-ஆங்கில அகராதியைப் புரட்டினேன். ‘மீதமிரு, அப்படியே இரு’ என்று முதல் பொருள் போட்டிருந்தது. சரி, கை குட்டையாகவே இருக்கட்டும் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேட்டர்ன் மாஸ்டரிடம் போய், ‘கை அளவுல கை வைக்காதீங்க மாஸ்டர்’ என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது சாம்பிளும் அதே குட்டைக் கையோடு கொரியரில் போனது. ‘கையைப் பற்றிச் சொன்னோமே, ஏன் கூட்டவில்லை’ என்று பதில் வந்தது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஏனுங்க அம்முணி, நீங்கதானுங்களே கையி அப்படியே இருக்கட்டும்னு சொன்னீங்க?”

அந்த வரியின் பொருள் ‘கை குட்டையா வருது’ என்பதுதான். அவர்கள் குறை சொல்லியிருந்தார்கள். நான் அதை அனுமதியாகப் படித்துவிட்டேன். அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்ட வினைச்சொல் இந்தக் ‘கேதா’. ஸ்பானியம் கற்க ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே இதைச் சொல்லித் தரவேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் சாப்பாட்டுக் கடையிலும் துணிக் கடையிலும் டாக்சியிலும் இது காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் வேறு பொருள்போலத் தெரியும்.

முதலில் உச்சரிப்பு. வினையின் மூல வடிவம் ‘கெதார்’. ‘கடை’யில் வரும் க, ‘அது’வில் வரும் த. அந்த இரண்டாவது எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் அதை ‘ட’ என்று தட்டிவிடுவார்கள். ஸ்பானியத்தில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் அந்த ஒலி, நாம் ‘அது, இது’ என்று சொல்லும்போது நாக்கு பல்லை லேசாக உரசுமே, அதேதான். நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது, தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை.

வினை மாற்றமும் சுலபம், விதியை மீறாத வினை. நான் என்றால் கேதோ, நீ என்றால் கேதாஸ், அவன், அவள், அது, நீங்கள் எல்லாவற்றுக்கும் கேதா, நாங்கள் என்றால் கெதாமோஸ், அவர்கள், அவைக்கு கேதான். ஸ்பெயினில் மட்டும் ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்கு கெதாய்ஸ் என்று ஒன்று உண்டு. இறந்த காலத்தில் நான் என்றால் கெதே, அவன் என்றால் கெதோ. நிகழ்காலக் ‘கேதோ’வில் முதல் அசையில் அழுத்தம், இறந்தகாலக் ‘கெதோ’வில் கடைசி அசையில் அழுத்தம். எழுத்தில் கடைசி ஓகாரத்தின்மேல் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டை விட்டுவிட்டால் ‘அவன் தங்கினான்’ என்பது ‘நான் தங்குகிறேன்’ ஆகிவிடும்.

இனி பொருளுக்கு வருவோம். அகராதியைத் திறந்தால் மீதமிரு, தங்கு, பொருந்து, இருப்பிடம் கொள், முடிவாகு, சந்திக்க ஏற்பாடு செய் என்று வரிசையாக ஓடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். நானும் முதலில் மனப்பாடம் செய்துதான் பார்த்தேன், ஒரு வாரத்தில் எல்லாம் பறந்துவிட்டது. அப்புறம்தான் வேரைப் பார்த்தேன். லத்தீனில் ‘குவியேத்துஸ்’ என்று ஒரு சொல். அசைவில்லாத, அமைதியான என்று பொருள். அதிலிருந்து ‘அமைதிப்படுத்து’ என்ற வினை பிறந்து, தேய்ந்து தேய்ந்து கெதார் ஆனது. ஆங்கிலத்தின் ‘கொயட்’டுக்கும் அதே வேர்தான்.

அமைதி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. நம்மிடமும் ‘அமை’ என்று ஒரு வினை இருக்கிறதே. திருப்பூர் நொய்யல் கரையில் அமைந்திருக்கிறது. தைத்த சட்டை நன்றாக அமைந்தது. பிள்ளைக்கு நல்ல இடம் அமைந்தது. ஒரே வினை இருப்பிடத்தையும் சொல்கிறது, பொருத்தத்தையும் சொல்கிறது, கடைசியில் எப்படி முடிந்தது என்பதையும் சொல்கிறது. அதே வேரிலிருந்துதான் அமைதியும் வருகிறது. லத்தீனுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவுமில்லை, இது தற்செயல்தான். ஆனாலும் பயன்படும் தற்செயல். ஆட்டம் எல்லாம் அடங்கிய பிறகு ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த நிலையில், எந்த அளவில் நிற்கிறதோ அதைச் சொல்ல ஸ்பானியர் கெதாரை எடுக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு பார்த்தால் பெரும்பாலான பொருள்கள் தாமாக வந்து உட்காரும்.

துணியில் ஆரம்பிப்போம், நம் ஊர் பிழைப்பு அதுதானே. ‘லா கமிசெத்தா மே கேதா கிராந்தே.’ கமிசெத்தா என்றால் டி-சர்ட், கிராந்தே என்றால் பெரியது, ‘மே’ என்றால் எனக்கு. ‘டி-சர்ட் எனக்குப் பெரிசா இருக்குது.’ சொல்லுக்குச் சொல் தமிழ்! ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘என்மேல் பெரியது’ என்கிற மாதிரி சுற்றவேண்டும். நமக்கு அந்த ‘எனக்கு’ வாயிலேயே இருக்கிறது. மே என்றால் எனக்கு, தே என்றால் உனக்கு, லே என்றால் அவருக்கு அல்லது உங்களுக்கு, நோஸ் என்றால் எங்களுக்கு, லெஸ் என்றால் அவர்களுக்கு. துணிக்கடையில் விற்பனையாளர் மரியாதையாக ‘கோமோ லே கேதா?’ என்று கேட்பார். நம் கடை ஆள் ‘எப்படிங்க இருக்குது?’ என்று கேட்பது போலத்தான். அந்த ‘ங்க’வின் வேலையை அங்கே ‘லே’ செய்கிறது. தோழி புதுச் சேலை கட்டிவந்தால் ‘தே கேதா மூய் பியென்’ என்று சொல்லலாம், உனக்கு ரொம்ப எடுப்பா இருக்குது. அளவு பொருந்துவதற்கும் அழகு பொருந்துவதற்கும் சேர்த்து இந்த ஒரு சொல் போதும்.

இங்கே நாம் வழுக்கும் இடமும் ஒன்று உண்டு. ‘கை நீளமா இருக்குது’ என்று பேச்சில் ஒரு கைக்கும் சொல்வோம், இரண்டு கைக்கும் சொல்வோம். ஸ்பானியம் விடாது. ஒரு கை என்றால் ‘லா மங்கா மே கேதா லர்கா’. இரண்டு கை என்றால் ‘லாஸ் மங்காஸ் மே கேதான் லர்காஸ்’. வினையும் பன்மைக்கு மாறும், ‘நீளமான’ என்ற பெயரடையும் மாறும். கால்சட்டை ஆண்பால் சொல் என்பதால் லர்கா அங்கே லர்கோ ஆகிவிடும். துணிக்கு ஏது ஆண், பெண் என்று மாஸ்டர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. (மங்கா என்றதும் வாயில் எச்சில் ஊறினால் நான் பொறுப்பில்லை. நம் மாங்காய் அங்கே மாங்கோ. அந்தச் சொல் இந்தப் பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் கையில் கப்பலேறிப் போனதுதான்.)

என் சாம்பிள் கதையில் ‘மே’யும் இல்லை, ‘லே’யும் இல்லை, வெறும் ‘கேதா கோர்த்தா’ மட்டும்தான். அதனால்தான் ஏமாந்தேன். யாருக்கு என்று சொல்லாமல் விட்டால் ‘போட்டுப் பார்த்தோம், இப்படி வந்து நிற்கிறது’ என்று பொதுவாகச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டும். பையர் பதிலில் கேதா என்ற சொல்லைப் பார்த்தால் அது பெரும்பாலும் கண்ணில் பட்ட நிலைமை. ‘அப்படியே விடுங்கள்’ என்று சொல்ல அவர்களுக்கு வேறு வினை உண்டு, ‘தெஹார்’. அதற்கு விடு, விட்டுவை என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மெர்ச்சன்டைசருக்குக் கொரியர் செலவு மிச்சம்.

மிச்சம் என்றதும் அடுத்த பொருள். ‘மே கேதான் தோஸ்’ என்றால் என்னிடம் இரண்டு மிச்சம் இருக்கிறது. (தோஸ் என்றால் இரண்டு. தோசையில் வரும் தோ.) நம் ‘அமை’ இந்த இடத்தில் கைகொடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘நில்’, ‘தங்கு’ இரண்டும் உதவும். கையில் காசு தங்கவில்லை என்கிறோமே, அந்தத் தங்கல்தான் இது. செலவெல்லாம் ஓடி அடங்கிய பிறகு கையில் நிற்பது.

இதில் நுணுக்கமான ஒரு வேறுபாடு உண்டு. கடையில் ‘நோ அய் லெச்சே’ என்றால் பால் இல்லை. ‘நோ கேதா லெச்சே’ என்றால் பால் தீர்ந்துபோச்சு. முதலாவது, அந்தக் கடையில் பால் வைப்பதே இல்லையோ என்னவோ. இரண்டாவது, காலையில் வந்திருந்தால் கிடைத்திருக்கும். நம் ஊர் பேக்கரிக்காரர் ‘பப்ஸ் இல்லீங்க’ என்பதற்கும் ‘பப்ஸ் தீந்துருச்சுங்க’ என்பதற்கும் உள்ள தூரம்தான். நேரத்துக்கும் தூரத்துக்கும் இதே வினைதான். தாராபுரம் தாண்டிப் பழனிக்குப் போகும் பஸ்ஸில் பின் சீட்டுக் குழந்தை ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நச்சரிக்குமே, ஸ்பானியக் குழந்தை அதையே இரண்டே சொல்லில் நச்சரிக்கும்: ‘குவான்தோ கேதா?’ அதற்கு ‘நோ கேதா நாதா’ என்று அம்மா சொன்னால், ஒன்றும் மிச்சமில்லை, இதோ வந்துட்டோம் என்று பொருள். எந்த ஊர் அம்மாவானாலும் அது பாதி வழியில் சொல்லப்படும் பொய்.

இருப்பிடம் சீக்கிரம் முடிந்துவிடும். ‘தோந்தே கேதா எல் ஓத்தெல்?’ ஓட்டல் எங்கே இருக்கிறது? ‘திருப்பூர் கேதா ஸெர்க்கா தெ கோயமுத்தூர்.’ திருப்பூர் கோவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர், கட்டடம், கடை போன்ற நகராத பொருள்களுக்குத்தான் இது. ‘என் பேனா எங்கே’ என்று கேட்க கெதார் வேண்டாம், ‘எஸ்தார்’ என்ற வேறு வினை இருக்கிறது. ‘அமைந்திருக்கிறது’ என்று தமிழில் சொல்ல முடிகிறதா என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பேனா மேசையில் அமைந்திருக்கிறது என்றால் சிரிப்பு வரும். அங்கேயும் அப்படித்தான். லத்தீன் அமெரிக்க நாடுகளில் இந்தப் பயன்பாடு ரொம்பச் சகஜம். ஸ்பெயினில் கட்டடத்துக்கும் எஸ்தாரையே அதிகம் சொல்வார்கள்.

இதுவரை பார்த்தது வெறும் கெதார். இதோடு ‘ஸே’ என்ற ஒட்டு சேர்ந்து ‘கெதார்ஸே’ ஆகும்போதுதான் ருசியே. அந்த ஒட்டு ஆளுக்கு ஆள் மாறும்: நான் என்றால் மே கேதோ, நீ என்றால் தே கேதாஸ், அவன் என்றால் ஸே கேதா. ‘மே கேதோ என் காஸா’ என்றால் நான் வீட்டிலேயே இருந்துக்கறேன். ‘எனக்கு’ என்று மேலே பார்த்த அதே ‘மே’தான் இங்கே வேறு வேடம் போடுகிறது. எதைப் பார்த்து வேறுபாடு கண்டுபிடிப்பது? வினையைப் பாருங்கள். ‘மே கேதா’ என்றால் ஏதோ ஒன்று எனக்கு அமைகிறது. ‘மே கேதோ’ என்றால் நானே நின்றுகொள்கிறேன்.

நின்றுகொள்கிறேன், இருந்துக்கறேன் என்றெல்லாம் எழுதும்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் ‘கொள்’ செய்யும் வேலையை அந்த ஒட்டு செய்கிறது. ‘கொன்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். கடையில் சிவப்பும் நீலமும் போட்டுப் பார்த்துவிட்டு ‘மே கேதோ கொன் லா அஸூல்’ என்றால், நீலத்தையே எடுத்துக்கறேன். டாக்சிக்காரரிடம் ‘கேதெஸே கொன் எல் காம்பியோ’ என்றால், சில்லறையை நீங்களே வெச்சுக்குங்க. எடுத்துக்கொள், வைத்துக்கொள், இருந்துகொள் மூன்றுக்கும் கெதார்ஸே. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை தேடவேண்டும். நமக்கு மூன்றிலும் ‘கொள்’ ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது நம் ‘போ’. தூங்கிப்போனான், மலைத்துப்போனான், தீர்ந்துபோனது என்று ஒரு வினையின் வாலில் ‘போ’வைக் கட்டினால் தன்னையறியாமல் அந்த நிலைக்கு வந்துவிட்டான் என்று ஆகிறதல்லவா? ‘ஸே கெதோ தோர்மீதோ’ என்றால் தூங்கிப்போனான். படுத்துத் தூங்கப் போனான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ‘ஸே கெதோ ஸோலோ’ என்றால் தனியாகிப்போனான். ‘நோஸ் கெதாமோஸ் ஸின் ஈலோ’ என்றால் எங்களுக்கு நூல் தீர்ந்துபோச்சு. ஸின் என்றால் இல்லாமல், ஈலோ என்றால் நூல். ஷிப்மென்ட் நாளில் தையல் ஃப்ளோரிலிருந்து இந்த வாக்கியம் வராத வாரம் கிடையாது. அதை ஸ்பானியத்தில் பையருக்கு எழுதும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஸே கெதோ தெ பியெத்ரா’. பியெத்ரா என்றால் கல். திடுக்கிட்டுப்போனான் என்று பொருள். கல்லாய்ச் சமைந்துபோனான் என்று நாம் சொல்வதையேதான் அவர்களும் சொல்கிறார்கள்.

இனி ஏற்பாடு, வாக்கு. பேரம் பேசுகிறோம், தேதி பேசுகிறோம், பேச்சு ஓடி ஓடி ஓர் இடத்தில் நிற்கிறது. அந்த நிற்றலும் கெதார்தான். ‘கெதாமோஸ் என் எஸோ’ என்றால் சரி, அப்படியே வெச்சுக்குவோம். ‘என்’ என்ற சிறு சொல் பின்னால் வந்தால் ஒப்பந்தம் ஏதோ பேசப்பட்டிருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘கெதாமோஸ் என் நாதா’ என்றால் பேசிப் பேசி ஒன்றும் முடிவாகவில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘கெதாமோஸ்’ நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே வடிவம். ‘வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோமா’ என்று கேட்கிறார்களா, ‘வெள்ளிக்கிழமை என்று பேசினோமே’ என்று நினைவுபடுத்துகிறார்களா என்று சொல்லைப் பார்த்து மட்டும் தெரியாது. கேள்விக்குறி இருக்கிறதா, முன்னால் வந்த மெயிலில் தேதி ஏற்கெனவே பேசப்பட்டதா என்று பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுவது நல்லது. நான் இப்போதெல்லாம் தேதி விஷயத்தில் வெட்கப்படாமல் இரண்டு தரம் கேட்கிறேன்.

ஸ்பெயினில் ஆள் சந்திப்பதற்கும் இதையே சொல்கிறார்கள். ‘கெதாமோஸ் எல் வியெர்னெஸ்?’ வெள்ளிக்கிழமை பார்ப்போமா? சாயங்காலம் காப்பிக்குக் கூப்பிட்டால், ‘நோ புவேதோ, எ கெதாதோ’ என்பார்கள். முடியாது, நான் ‘அமைந்திருக்கிறேன்’. எங்கே, யாரோடு, எதற்கு, ஒன்றும் கிடையாது. ஆனாலும் அது முழு வாக்கியம். நம் பக்கத்தில் ‘இல்லீங்க, ஒருத்தருக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்’ என்று சொன்னால் அந்த ஒருத்தர் யாரென்று கேட்கமாட்டோம் அல்லவா, அதே நாகரிகம். லத்தீன் அமெரிக்காவில் இந்தச் சந்திப்புப் பொருள் இவ்வளவு புழக்கத்தில் இல்லை. அங்கே ‘சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம்’ என்று கொஞ்சம் விரித்துச் சொல்வார்கள்.

நல்ல பெயர், கெட்ட பெயர் எடுப்பதும் இதற்குள் வரும். ‘கெதார் பியென்’ என்றால் நல்ல பெயர் எடுப்பது, ‘கெதார் மால்’ என்றால் பெயரைக் கெடுத்துக்கொள்வது. விருந்துக்குப் போகிறோம், பேசுகிறோம், திரும்புகிறோம். எல்லாம் முடிந்தபின் அவர்கள் மனதில் நாம் எப்படி நிற்கிறோம் என்பதுதான் இது. ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா திட்டுவது முழுக்க கெதார் மால் பயம்.

படிக்கும் முறை பற்றி ஒன்று. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு நாள் முழுக்க உங்கள் வாயிலிருந்து வரும் தமிழைக் கவனியுங்கள். ‘எனக்கு இறுக்கமா இருக்குது’, ‘இன்னும் ரெண்டு பாக்கி’, ‘நானே வெச்சுக்கறேன்’, ‘தூங்கிப்போயிட்டேன்’. இப்படி ஒன்று வரும்போதெல்லாம் அதைக் கெதாரில் மாற்றிப் பாருங்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள், நடுவில் ஆங்கிலத்தில் இறங்கி ஏறாதீர்கள். நான் அந்தச் சட்டைக்கையில் தடுக்கி விழுந்ததற்குக் காரணமே ஆங்கிலம் வழியாகப் போனதுதான்.

கடைசியாக, ஆசிரியர்கள் சொல்லித்தராத ஒன்று. ஸ்பெயினின் மேற்கே லெயோன், சலமாங்கா, எக்ஸ்திரமதூரா பக்கங்களில் சிலர் ‘கெதே லாஸ் யாவெஸ் என் காஸா’ என்பார்கள். சாவியை வீட்டிலேயே விட்டுட்டேன் என்று பொருள். அதாவது ‘தெஹார்’ வரவேண்டிய இடத்தில் கெதாரை வைத்துவிடுகிறார்கள். ஸ்பானிய மொழிக் கழகம் 1713-இல் தொடங்கியது, அது இதைப் பொதுவழக்காக ஒத்துக்கொள்வதில்லை. அந்த ஊர்க்காரர்கள் அதற்காக நிறுத்திக்கொள்ளவும் இல்லை. மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது கத்தரியை வைத்துவிட்டுச் சிரித்தார். “அப்படின்னா அன்னிக்கு நீங்க படிச்சது அந்தப் பக்கத்து ஸ்பானியமுங்களா அம்முணி?”